வண்டலூர் பக்கம் ஷூட்டிங் ரேஞ்ச் போடலாமா? நிலம் எந்த வகையில் இருக்க வேண்டும்?

மேடவாக்கம் மாப்பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நாலு வருஷமாக 10 மீட்டர் ஏர் ரைபிள் சுடுகிறேன். பெரிய ஆள் எல்லாம் இல்லை, மாநிலப் போட்டியில் நானும் நின்றேன் என்று சொல்லிக்கொள்ளும் அளவுதான். ஐடி வேலை போதும் போதும் என்றாகிவிட்டது. சொந்தமாக ஒரு ரேஞ்ச் தொடங்கலாம் என்று யோசனை. உறுப்பினர், சந்தா என்று கிளப் மாதிரி இல்லாமல், பணம் கட்டி யார் வேண்டுமானாலும் வந்து கற்றுக்கொள்கிற இடமாக.

கையில் இரண்டு இடம் இருக்கிறது. மேடவாக்கத்தில் நண்பனுடைய குடோன், முதல் மாடி, வாடகைக்குத் தருகிறான். இன்னொன்று மாமனாருடைய ஒன்றரை ஏக்கர் புன்செய், வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையிலிருந்து உள்ளே போக வேண்டும், சுற்றிலும் இப்போதுதான் பிளாட் போட ஆரம்பித்திருக்கிறார்கள். "சும்மாதானே கிடக்கிறது, ஏதாவது செய்யுங்கள் மாப்பிள்ளை" என்கிறார் மாமனார். அங்கே 10 மீட்டருக்கு ஒரு ஹால் கட்டி, பக்கத்திலேயே திறந்தவெளியில் 25, 50 மீட்டரும் போட்டு, பாயிண்ட் 22 (வெடிமருந்துத் தோட்டா போடும் நிஜ ரைபிள்) வரைக்கும் கொண்டுபோக வேண்டும் என்பது என் ஆசை.

இதற்கு நிலம் எந்த வகையில் இருக்க வேண்டும், யாரிடம் முதலில் போக வேண்டும் என்று யாருக்காவது தெரியுமா? நான் ஒரு அலுவலகத்தில் கேட்டேன், அவர்கள் அடுத்த அலுவலகத்துக்குக் கைகாட்டினார்கள், அங்கே இருந்தவர் "ஷூட்டிங் என்றால் எந்த கம்பெனி, எத்தனை நாள்?" என்று கேட்டார். சினிமா என்று நினைத்துவிட்டார். அதோடு திரும்பி வந்துவிட்டேன்.

———

பழைய டிராஃப்ட்ஸ்மேன் எழுதியது:

தம்பி, கட்டட அனுமதிக்கு வரைபடம் போட்டுக்கொடுத்தே வயதாகிப்போனவன் நான், துப்பாக்கி பற்றி ஒன்றும் தெரியாது. நிலம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் ஒரே கேள்வி என்று நினைத்துக் கேட்டிருக்கிறீர்கள், அதில் இரண்டு தனித்தனிக் கேள்வி இருக்கிறது. குடோன் விஷயம் ஏற்கெனவே இருக்கிற கட்டடத்தின் உபயோகத்தை மாற்றுவது. மாமனார் நிலம், நிலத்தின் வகையையே மாற்றுவது. முதலாவது சில மாத வேலை. இரண்டாவதை எத்தனை மாதம் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை.

நிலத்துக்கு முதல் வேலை, பட்டாவை எடுத்து கிராமப் பெயரும் சர்வே எண்ணும் உட்பிரிவும் பாருங்கள். அதை வைத்து, எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் இரண்டாவது மாஸ்டர் பிளானில் அந்த இடம் என்ன வகை என்று பார்க்கலாம், சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) இணையதளத்திலேயே இருக்கிறது. 2008ல் வந்த பிளான், இப்போதும் அதுதான் நடப்பில். ஆதாரக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், திறந்தவெளி மற்றும் பொழுதுபோக்கு, விவசாயம், நகர்ப்புறமல்லாதது என்று பிரித்திருப்பார்கள். பட்டாவில் புன்செய் என்று இருப்பது வருவாய்த்துறைக் கணக்கு, மாஸ்டர் பிளானில் என்ன நிறம் அடித்திருக்கிறார்கள் என்பது வேறு கணக்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பட்டாவில் புன்செய் என்று இருந்து பிளானில் குடியிருப்பாக இருக்கும் இடமும் உண்டு, பக்கத்துச் சர்வே எண்ணிலேயே விவசாயமாக இருப்பதும் உண்டு.

இன்னொன்று, உங்கள் சாலையில் வண்டலூர் முனை சிஎம்டிஏ எல்லை, கேளம்பாக்கம் முனைக்குப் போனால் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) கையில் இருந்த பகுதி. பழைய பெருநகர் எல்லை 1,189 சதுர கிலோமீட்டர், 2022ல் அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க அரசாணை போட்டார்கள். விரித்ததாலேயே உங்கள் கிராமத்துக்குப் பழைய மாஸ்டர் பிளான் பொருந்திவிடாது. ஆகவே எந்தக் கிராமம் என்று தெரியாமல் யாரும் உங்களுக்குப் பதில் சொல்ல முடியாது, சொன்னால் நம்பாதீர்கள்.

விவசாய உபயோகம் என்று வந்துவிட்டால், 1971ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 32(4) என்று ஒரு பிரிவு, அதில்தான் வகை மாற்றம் கேட்க வேண்டும். நாளிதழில் சின்ன எழுத்தில் அறிவிப்பு வருமே, "இன்ன கிராமம், இன்ன சர்வே எண், விவசாய உபயோகப் பகுதியிலிருந்து இன்ன உபயோகப் பகுதியாக", அதுதான் இது. ஆட்சேபம் இருந்தால் எழுதலாம் என்று கூப்பிடுவார்கள். அங்கே பிளாட் வாங்கிப் போட்டிருப்பவர் ஒருவர் "துப்பாக்கி" என்ற வார்த்தையைப் பார்த்தால் என்ன செய்வார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இது முடிந்த பிறகுதான் 49ஆம் பிரிவில் திட்ட அனுமதி கேட்கவே முடியும். வகை மாறிவிட்டது என்று சந்தோஷமாக அஸ்திவாரம் தோண்டுகிற ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

குடோனுக்கு வருகிறேன். நண்பரிடம் இரண்டு காகிதம் கேளுங்கள், அங்கீகரிக்கப்பட்ட வரைபடமும் நிறைவுச் சான்றும். வரைபடத்தில் அந்த முதல் மாடி என்னவாகக் காட்டியிருக்கிறது? குடோன் என்று நீங்கள் சொல்கிறீர்கள், காகிதத்தில் அது வீடாக இருக்கலாம், மேடவாக்கத்தில் அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பயிற்சி நிலையமா, விளையாட்டா, வணிகமா, உங்கள் தொழிலை எந்தத் தலைப்பில் சேர்ப்பார்கள் என்பதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். உள்ளே என்ன நடக்கும் என்று விளக்கமாக எழுதிக்கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்ப்பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை. பதில் கைக்கு வரும் வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

———

ஈசிஆர் காத்து எழுதியது:

ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறீர்கள்? சொந்த நிலம், சுற்றிலும் பொட்டல். மூன்று பக்கம் பொக்லைன் விட்டு மண்மேடு எழுப்பினால் ரேஞ்ச் ரெடி. முதலில் தொடங்குங்கள், யாராவது கேட்டால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

———

10 மீட்டர் அப்பா எழுதியது:

மேலே எழுதியவருக்கு. நார்த்தாமலை ஞாபகம் இருக்கிறதா? புதுக்கோட்டை மாவட்டம், 2021 டிசம்பர் 30. போலீஸ் சுடுதளம், பயிற்சியில் இருந்தவர்கள் சீருடைக்காரர்கள், எதிரே மலை. அப்படியும் ஒரு குண்டு தப்பி, ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையன் தலையில் பாய்ந்தது. நாலைந்து நாளில் இறந்துபோனான். அரசாங்கத்து ரேஞ்ச், பின்னால் மலை, அதிலேயே இந்தக் கதி. நீங்கள் பொக்லைன் வைத்து மண் கொட்டச் சொல்கிறீர்கள், அதுவும் பிளாட் போட்டுக்கொண்டிருக்கும் இடத்தில்!

மாப்பிள்ளை சார், உங்களுக்கு. பாயிண்ட் 22 என்றால் சின்னக் குண்டு என்று நினைப்பு வரும், மேலே தூக்கிச் சுட்டுவிட்டால் அது ஒரு மைலைத் தாண்டிப் போகும். ஒன்றரை ஏக்கர் என்பது சதுரமாக இருந்தாலே பக்கத்துக்கு 78 மீட்டர்தான். 50 மீட்டர் லேன் போட்டு, சுடுபவர் நிற்க, பின்னால் ஆள் நடமாட, முன்னால் மேடு எழுப்ப, தலைக்கு மேலே குண்டு தப்பாமல் இருக்கக் குறுக்குத் தடுப்புகள் கட்ட என்று கணக்குப் போட்டால் நிலம் முடிந்துவிடும், பாதுகாப்புக்கு விடும் இடம் முழுக்க அடுத்தவன் நிலத்தில்தான் போய் விழும். ஷாட்கன் பக்கம் போகவே வேண்டாம், அதற்குச் சுடுமிடத்துக்கு முன்னால் 300 மீட்டர் வரை ஆள் இல்லாத இடம் விடுவார்கள். பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் டிராப் (பறக்கும் தட்டை ஷாட்கனால் சுடும் போட்டி) ஆடிய பிரித்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டைக்காரர் என்று எங்கள் பையன்கள் பெருமையாகச் சொல்வார்கள், சரி, அங்கே நிலம் இருக்கிறது. வண்டலூரில் ஏது?

சத்தத்தையும் யோசியுங்கள். பாயிண்ட் 22 ரைபிள் சுட்டால் காதருகே 140 டெசிபல். 2000ஆம் வருஷத்து ஒலி விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45. அது சராசரிக் கணக்கு என்பதால் காகிதத்தில் தப்பித்துவிடலாம் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். காகிதத்தில் தப்பலாம், ஒவ்வொரு வெடிக்கும் தொட்டிலில் குழந்தை திடுக்கிட்டு விழிக்கிற வீட்டில் போய் சராசரியை விளக்க முடியுமா? பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் வேறு. போதாததற்கு வண்டலூர் உயிரியல் பூங்கா. அவர்கள் சும்மா இருப்பார்களா?

சட்டப் பக்கமும் நிலத்தை ஒட்டியே வருகிறது. 4.5 மில்லிமீட்டர் குழல் வாய், 20 ஜூலுக்கு மேல் போகாத ஏர் கன் என்றால் 2016 ஆயுத விதிப்படி உரிமம் தேவையில்லை. போட்டி ரைபிள் ஏழெட்டு ஜூல்தான், நீங்கள் சுடுவதும் அதுதான். அதைத் தாண்டி வெடிமருந்துத் துப்பாக்கி என்று வந்த நிமிடமே ரேஞ்சுக்கு உரிமம், துப்பாக்கிக்கு உரிமம், தோட்டாவுக்குக் கணக்கு, வைப்பதற்குப் பாதுகாப்பு அறை என்று ஒரு தனி உலகம். மாநகரத்தில் அது காவல் ஆணையர் கை, வெளியே மாவட்ட ஆட்சியர் கை. 2022லிருந்து தாம்பரமும் ஆவடியும் தனி ஆணையரகம், ஆகவே எந்த ஸ்டேஷன் எல்லை என்றும் பார்க்க வேண்டும். பணம் கட்டி யார் வேண்டுமானாலும் வந்து நிஜத் துப்பாக்கியைத் தொடலாம் என்ற கடை இங்கே நடக்காது, நம் ஊரில் அது கிளப், சங்கம் வழியாகத்தான். எழும்பூரிலும் வீராபுரத்திலும் சென்னை ரைபிள் கிளப் இருக்கிறது, பாயிண்ட் 22 ஆசை இருந்தால் அங்கே உறுப்பினராகுங்கள். ஆசையும் தீரும், மாமனார் நிலமும் பிழைக்கும்.

———

மாடிப்படி கோச் எழுதியது:

நான் 10 மீட்டர் அகாடமி நடத்துகிறேன், எந்த ஏரியா என்று சொல்லவில்லை. ஏர் ரைபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக் போன பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாக்கள் கூடிவிட்டார்கள், அதனால் தொழிலுக்குக் குறை இல்லை. இடத்துக்குத்தான் குறை.

நான் பட்ட அனுபவம். முதலில் எடுத்த இடம் ஒரு பெரிய கட்டடத்தின் அடித்தளம். குளுகுளு என்று இருந்தது, நீளமும் சரியாக இருந்தது, வாடகை மேலே கேட்பதில் பாதி. லைட், டார்கெட் எல்லாம் மாட்டி எட்டு மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் நோட்டீஸ். வரைபடத்தில் அது வாகனம் நிறுத்துமிடம். கட்டடக்காரர் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சீல் வைப்பதற்குள் சாமானை எடுத்துக்கொள்ள நேரம் கிடைத்ததே என் அதிர்ஷ்டம். மேலே ஐயா சொன்ன இரண்டு காகிதத்தை நான் அன்றைக்குக் கேட்டிருந்தால் மூன்றரை லட்சம் மிச்சம்.

அளவுக்கு வருகிறேன். 10 மீட்டர் என்பதால் 10 மீட்டர் ஹால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். டார்கெட், பெல்லட் டிராப் (சுட்ட பெல்லட்டைப் பிடிக்கும் பெட்டி), அதற்குப் பின்னால் சுவர், இந்தப் பக்கம் சுடுபவர், பெஞ்ச், கோச் நடக்க வழி என்று பார்த்தால் 50 அடியாவது வேண்டும். ஒரு லேனுக்கு ஒரு மீட்டர் அகலம். நடுவில் தூண் இருக்கக் கூடாது, ஜன்னல் டார்கெட் பக்கம் இருக்கக் கூடாது. டார்கெட் மேல் 1,500 லக்ஸ் வெளிச்சம், அதற்கும் ஏசிக்கும் சேர்த்து மின் இணைப்பு வணிகக் கட்டணத்துக்கு மாறும், அதையும் வாடகையோடு கூட்டிக்கொள்ளுங்கள். மாநகராட்சி எல்லை என்றால் தொழில் உரிமம், உள்ளாட்சி வேறு என்றால் அங்கே கேளுங்கள். தீயணைப்புத் துறை கேட்பதை முதல் நாளே செய்துவிடுங்கள், முக்கியமாக இரண்டாவது வெளியேறும் வழி.

சத்தம் பற்றி ஒரு ரகசியம். ஏர் ரைபிள் சத்தத்துக்கு என்மேல் ஒருவரும் புகார் கொடுத்ததில்லை. சிலிண்டருக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரஸர் இருக்கிறதே, அதற்குத்தான் கொடுத்தார்கள். ரைபிளுக்கு 200 பார் அழுத்தம் வேண்டும், அந்த மெஷின் போடும் கூச்சலும் அதிர்வும் கீழ்வீட்டுப் பாத்திரம் வரை ஆட்டும். அதைத் தரைத்தளத்தில் தனியாக வைக்க முடியுமா என்று பார்த்து இடம் எடுங்கள், அல்லது வெளியே நிரப்பிக்கொண்டு வாருங்கள்.

பெல்லட் ஈயம் என்பதை மறந்துவிடாதீர்கள். ஏர் ரைபிளில் வெடிமருந்துப் புகை இல்லாததால் உள்ளரங்கு நிஜத் துப்பாக்கி ரேஞ்சுக்குத் தேவைப்படும் பெரிய காற்றோட்ட ஏற்பாடு நமக்கு வேண்டாம். (அங்கே சுடுபவர் முதுகிலிருந்து டார்கெட் பக்கமாக நிமிஷத்துக்கு 75 அடி வேகத்தில் காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பார்கள், அந்த மெஷினின் விலையைக் கேட்டுவிட்டுத்தான் நானே அந்த ஆசையை விட்டேன்.) ஆனால் டிராப்பில் சேரும் ஈயத்தைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூசி பறக்கும், ஈரத்துணிதான். பிள்ளைகள் கை கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறக்கக் கூடாது. இதற்காகவே ஹாலுக்கு வெளியே ஒரு வாஷ்பேசின் இருக்கும் இடமாகப் பாருங்கள்.

———

கீழ்வீட்டு அத்தை எழுதியது:

கோச் சொன்ன "கீழ்வீட்டுப் பாத்திரம்" நான்தான் போலிருக்கிறது. அதே இடம் இல்லையென்றாலும் அதே கதை.

எங்கள் குடியிருப்புக்கு மேலே ஒருவர் இப்படி ஆரம்பித்தார். எங்களுக்கு முதலில் தெரிந்தது போர்டைப் பார்த்துத்தான், பெரிய துப்பாக்கிப் படம். என் மாமியாருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் விசாரித்தால் உள்ளே பத்து வயதுக் குழந்தைகள் பொட்டு மாதிரி ஒரு வட்டத்தைப் பார்த்துக்கொண்டு மூச்சுப் பிடித்து நிற்கிறார்கள். அதை அந்தத் தம்பி முதலிலேயே எங்களைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தால் நாங்கள் மனு எழுதியிருக்கவே மாட்டோம். எங்களுக்குப் பிரச்சினையாக இருந்தது சனி, ஞாயிறு காலையில் வாசலில் நிற்கும் இருபது ஸ்கூட்டரும் நாலு காரும்தான். ஆம்புலன்ஸ் வந்தால் உள்ளே நுழைய முடியாது. இதை யாருமே மேலே எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன். தெரு அகலத்தையும் வண்டி நிறுத்த எத்தனை இடம் என்பதையும் பாருங்கள் தம்பி, உங்கள் லேனை எண்ணுவதற்கு முன்னால்.

———

மேடவாக்கம் மாப்பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நார்த்தாமலை செய்தி அப்போதே படித்தேன், என் திட்டத்தோடு அதைச் சேர்த்துப் பார்க்கவே இல்லை, அது என் தப்பு. திறந்தவெளி யோசனையை விட்டுவிட்டேன். மாமனாரிடம் சொன்னபோது அவருக்கு வருத்தம் எல்லாம் இல்லை, "அப்போ கொய்யா வைக்கலாமா?" என்று கேட்டார்.

கிராமப் பெயரைப் போட்டுப் பார்த்தேன் ஐயா. நீங்கள் சந்தேகப்பட்ட மாதிரியே விவசாய உபயோகம்தான், பக்கத்துச் சர்வே எண் ஆதாரக் குடியிருப்பு. வரப்புக்கு அந்தப் பக்கம் ஒரு நிறம், இந்தப் பக்கம் ஒரு நிறம்.

குடோனுக்கு நேற்று டேப் எடுத்துக்கொண்டு போனேன். நீளம் 54 அடி, அகலத்துக்கு எட்டு லேன் வரும். வரைபடத்தை நண்பன் அவன் அப்பாவின் பீரோவிலிருந்து தேடி எடுத்தான், முதல் மாடி "கடை" என்று இருக்கிறது, வீடு இல்லை. நிறைவுச் சான்று மட்டும் இதுவரை கிடைக்கவில்லை. அவன் "இருக்கும்டா, எங்கேயாவது இருக்கும்" என்கிறான். அத்தை சொன்னதற்காகக் கீழே நின்று எண்ணினேன், பைக் பன்னிரண்டு நிற்கும், கார் ஒன்றுகூடக் கஷ்டம். ஒரு நேரத்துக்கு எட்டுப் பேர் என்று நேரம் பிரித்துக் கொடுத்தால் சரியாகுமா?

———

பழைய டிராஃப்ட்ஸ்மேன் எழுதியது:

கடை என்று இருப்பது நல்ல செய்தி, ஆனாலும் நான் சொன்ன கடிதத்தை எழுதுங்கள். "எங்கேயாவது இருக்கும்" என்பது இல்லை என்பதற்கு மேடவாக்கத்தில் சொல்லும் வார்த்தை. கட்டியதே வரைபடப்படிதானா என்று பாருங்கள், பக்கவாட்டில் விட்டிருக்க வேண்டிய இடத்தில் தகர ஷெட் ஏதாவது இழுத்திருந்தால் அது முதலில் போக வேண்டும். வண்டி நிறுத்தத்துக்கு நேரம் பிரிப்பது நடைமுறைக்குச் சரி, அலுவலகத்தில் கேட்பது வரைபடத்தில் கோடு போட்ட இடம். வரைபடத்தை ஸ்கேன் செய்து தனியாக அனுப்புங்கள் தம்பி, தெரு எத்தனை அடி என்றும் அளந்து எழுதுங்கள், காம்பவுண்டுக்குக் காம்பவுண்டு, சாக்கடையைச் சேர்த்து.

———

மாடிப்படி கோச் எழுதியது:

54 அடி என்றால் தாராளம். தூண்?

———

மேடவாக்கம் மாப்பிள்ளை எழுதியது:

இருக்கிறது கோச். நாலாவது லேனுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில், ஒன்பது அங்குலம். ஏழு லேன்தான் வரும் போலிருக்கிறது.